விகடசித்திர மாந்தரின் பெயர்க் காரணம்

பொருள்களுக்கு வழங்கும் பெயர்களை நம் இலக்கண நூலார் இடுகுறிப்பெயர் எனவும் காரணப்பெயர் எனவும் இருவகையாகப் பகுப்பர். மரம், மண் என்பன காரணம் யாதும் கருதாது முன்னோர் இட்டு வழங்கியவை. பறத்தலாகிய தொழில் பற்றிப் பறவை எனப் பெயரிட்டது காரணம் பற்றியது. நன்னூல் கற்ற மாணவர் யாவரும் இதனை அறிவர். ஆயினும், சிறுவர் முதல் முதியோர் ஈறாக அனைவரும் கண்டு நகைத்து மகிழும் விகடசித்திரங்களில் வரும் எலி, பூனை, முயல், மாலுமி முதலியோரின் பெயர்கள் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சார்ந்தன என்று வினவுவார் சிலரே. மிக்கி என்பதும் ஜெர்ரி என்பதும் நம் செவிக்கு வெறும் இடுகுறியாகவே ஒலிக்கின்றன. உண்மையோ வேறு. அவற்றுட் பலவற்றின் பின்னே ஒரு காரணம் உண்டு. சிலவற்றின் பின்னே ஒருவருடைய மனத்தாங்கலும் இழப்பும் உண்டு. அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் வெளிப்படையான காரணப்பெயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சித்திரக்காரராகிய ஈ. ஸி. ஸீகர் என்பார் 1919-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நியூயார்க் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் 'திம்பிள் தியேட்டர்' என்னும் சித்திரத் தொடரைத் தொடங்கினார். அதில் வரும் நங்கையின் பெயர் ஆலிவ் ஆயில். அவள் உடன்பிறந்தான் பெயர் காஸ்டர் ஆயில். முன்னது ஒலிவ எண்ணெயையும், பின்னது நாம் நன்கறிந்த விளக்கெண்ணெயையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களாம். ஒலியை மாற்றாது எழுத்தை மட்டும் சிறிது மாற்றி, எண்ணெயையே குடும்பப் பெயராக ஆக்கிவிட்டார் ஸீகர். விளக்கெண்ணெயை மருந்தாகக் குடித்து முகஞ்சுளித்த பிள்ளைகள் அப்பெயரைக் கேட்டு நகையாதிருத்தல் யாங்ஙனம்? 1929-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், கப்பலோட்டும் பொருட்டுக் கூலிக்கு அமர்த்தப்பட்ட மாலுமி ஒருவன் அத்தொடரிற் புகுந்தான். பிதுங்கிய விழிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே அவனுக்குப் பெயராயிற்று. அவனே பாப்பாய். சிறு பாத்திரமாக வந்த அவன், வாசகர்தம் விருப்பத்தால் நிலைத்து நின்று, நாளடைவில் தொடர் முழுவதையும் தனதாக்கிக் கொண்டான்.

தேடிக் கண்டாலன்றிக் காரணம் விளங்காத பெயர்களும் உள. ஹாலிவுட்டில் லியான் ஷ்லெஸிங்கர் என்பாரது சித்திரப்பட நிலையத்தில் பென் ஹார்டவே என்னும் இயக்குநர் ஒருவர் இருந்தார். உடனுழைப்போர் அவரைப் 'பக்ஸ்' என்னும் பட்டப்பெயரால் அழைப்பர். 1938-ஆம் ஆண்டில் அவர் முயல் ஒன்றை வைத்துப் படம் எடுத்தார். மீண்டும் ஒரு முயற்படம் எடுக்க வேண்டியபோது, சார்லி தார்ஸன் என்னும் ஓவியர் அதன் உருவத்தை மாதிரித் தாளில் வரைந்து, 'பக்ஸினுடைய முயல்' என்று ஆங்கிலத்தில் குறித்து வைத்தார். அஃது அம்முயலின் பெயரன்று. எவருக்காக வரைந்தது என்பதற்கு இட்ட அடையாளமே. பின்னர் உடைமைப்பொருளைக் காட்டும் குறி நீங்கிற்று. நம் இலக்கண மரபிற் சொல்வதாயின், ஆறாம் வேற்றுமை உருபு தொக்குப் 'பக்ஸ் பன்னி' என நின்றது. 1940-ஆம் ஆண்டு ஜூலையில் டெக்ஸ் ஏவரி இயக்கிய படத்தில் அம்முயல் இன்று நாம் அறியும் குணத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு அதன் பெயர் திரையில் எழுத்தாகத் தோன்றிற்று. ஹார்டவே அந்நிலையத்தை விட்டு நீங்கினார்; அவருடைய பட்டப்பெயரோ முயலை விட்டு நீங்கவில்லை.

போட்டி வைத்துப் பெயரிட்ட வரலாறும் ஒன்றுண்டு. 1940-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தார் பூனையும் எலியும் பொருதும் சிறு படம் ஒன்றை வெளியிட்டனர். அதனை ஆக்கியோர் வில்லியம் ஹன்னா, ஜோஸப் பார்பெரா என்னும் இருவர். எனினும் அவர்தம் பெயர்கள் படத்தின் முகப்பில் இடம்பெறவில்லை. பூனை அதில் ஜாஸ்பர் என அழைக்கப்பட்டது; எலியைப் படத்தில் எவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. படம் மக்கள் மனத்தைக் கவரவே, அதனைத் தொடராக நடத்த எண்ணிப் புதுப்பெயர் வேண்டி நிலையத்தாரிடையே போட்டி ஒன்று வைத்தனர். ஜான் கார் என்னும் சித்திரக்காரர் கூறிய 'டாம், ஜெர்ரி' என்னும் பெயர்கள் ஏற்கப்பெற்றன. ஆங்கிலத்தில் ஆண்பூனையை 'டாம்' என்பது வழக்கு. டாம், ஜெர்ரி என்னும் இணைப்பெயரும் ஆங்கிலேயர்க்குப் புதிதன்று. 1821-ஆம் ஆண்டிலேயே பியர்ஸ் ஈகன் என்பார் இலண்டன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் களியாட்டு விரும்பும் இரு நண்பர்க்கு இப்பெயர்கள் வழங்கின. பின்னாளில் ஏழு அகாடமிப் பரிசுகளை ஈட்டிய அத்தொடருக்குப் பெயர் தந்தவர் பெற்ற பரிசு 50 டாலர்.

இனி, முற்றும் இடுகுறியாகப் பிறந்த பெயர் யாதேனும் உண்டோ எனின், உண்டு. பெல்ஜியம் நாட்டுச் சித்திரக்காரராகிய பேயோ என்பார் தம் நண்பரும் அத்தொழிலினருமான பிராங்கேன் என்பாரோடு உணவருந்துகையில், உப்பைத் தருமாறு கேட்க வாயெடுத்தவர், உப்பு என்னும் சொல் நினைவிற்கு வாராமையால் 'ஷ்ட்ரூம்ப்' என்றொரு பொருளற்ற ஒலியை எழுப்பினார். நண்பரும் அச்சொல்லாலேயே விடை கூற, இருவரும் அதனை வைத்தே உரையாடி மகிழ்ந்தனர். 1958-ஆம் ஆண்டில் பேயோ நீலநிறக் குள்ளர் கூட்டம் ஒன்றைப் படைத்தபோது அச்சொல்லே அவர்க்குப் பெயராயிற்று. டச்சு மொழியில் அஃது 'ஸ்மர்ப்' எனத் திரிந்து, அவ்வடிவிலேயே ஆங்கிலத்திலும் புகுந்தது.

பொருளற்ற பெயரை மொழிபெயர்த்தல் எளிது. பொருளுள்ள பெயரை மொழிபெயர்த்தலோ அரிது. 1959-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் கோஸினி, உடெர்ஸோ என்னும் இருவர் படைத்த 'ஆஸ்டெரிக்ஸ்' கதைகளை நோக்குவோம். கால் இனத்தாரின் பழந்தலைவனான வெர்ஸிஞ்ஜெட்டோரிக்ஸ் என்பான் பெயரைப் பின்பற்றி, அக்கதையில் வரும் கால் இனத்து ஆடவர் பெயர்கள் 'இக்ஸ்' என முடிகின்றன. அச்சில் வழங்கும் உடுக்குறியின் பெயரிலிருந்து ஆஸ்டெரிக்ஸ் பிறந்தது. நாய்க்குட்டியின் பெயர் இதேபிக்ஸ். விடாப்பிடியான எண்ணம் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் அதனுள் அடங்கியுள்ளது. ஆங்கிலத்தில் ஆக்கிய ஆந்தியா பெல், டெரக் ஹாக்ரிட்ஜ் ஆகிய இருவரும் அதனை 'டாக்மாடிக்ஸ்' என்றனர். கொண்டது விடாமை என்னும் பொருளும் நிற்க, ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் சொல்லும் அதனுட் புகுந்து நின்றது. மூலத்திற் கண்ட நயம் மொழிபெயர்ப்பில் இரட்டித்தது எனலாம்.

இதுகாறும் நகைச்சுவை கண்டோம். இனி வருவன வேறு சுவை உடையன. சார்லஸ் ஷுல்ஸ் என்பார் தம் சித்திரங்களுக்குச் 'சிறு மக்கள்' என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டிருந்தார். அவற்றைப் பத்திரிகைகளுக்கு விற்கும் நிறுவனத்தார், அதனை ஒத்த பெயர்கள் முன்னரே வழங்குதல் கண்டு, அவர் விருப்பத்தைப் பொருட்படுத்தாது 'பீநட்ஸ்', அதாவது நிலக்கடலை, என்று மாற்றினர். அற்பப் பொருள் என்னும் குறிப்பும் அச்சொல்லுக்கு உண்டு. 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஏழு பத்திரிகைகளில் தொடங்கிய அத்தொடரில் அப்பெயருடையார் ஒருவரும் இலர். ஏறத்தாழ ஐம்பதாண்டு காலம் தம் கையாலேயே அதனை வரைந்த ஷுல்ஸ் அப்பெயரை ஒருநாளும் விரும்பினாரல்லர். தம் தொழிலின் மதிப்பிற்கு அஃது இழுக்கு என்றே கருதினார். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அவர் மறைந்தார். மறுநாள் வெளிவந்த அவருடைய இறுதிச் சித்திரத்தின் மேலும் அப்பெயரே நின்றது.

பெயரையன்றிப் படைப்பையே இழந்தார் ஒருவர் உளர். அவர் வால்ட் டிஸ்னி. 1927-ஆம் ஆண்டில் அவரும் அப் ஐவெர்க்ஸ் என்பாரும் ஆஸ்வால்ட் என்னும் முயலைப் படைத்தனர். படங்கள் நன்கு ஓடவே, அடுத்த ஆண்டு கூடுதற் பணம் கேட்க டிஸ்னி நியூயார்க் சென்றார். வழங்குநராகிய சார்லஸ் மின்ட்ஸ் என்பார் தொகையைக் குறைக்க முற்பட்டார். டிஸ்னியின் சித்திரக்காரருட் பெரும்பாலோரையும் முன்னரே தம் பக்கம் சேர்த்திருந்தார். ஒப்பந்தத்தின்படி ஆஸ்வால்டின் உரிமை யூனிவர்ஸல் நிறுவனத்தைச் சார்ந்தது. முயலை இழந்து மீண்ட டிஸ்னி, எலியைக் கொண்டு பிழைக்கத் துணிந்தார். அதற்கு மார்ட்டிமர் என்று பெயரிட அவர் எண்ணினார் என்றும், அது மிடுக்கு மிகுந்தது என மறுத்து மிக்கி என்பதை அவர் மனைவியார் லில்லியன் கூறினார் என்றும் வரலாறு வழங்குகிறது. 1928-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க் நகரத்துக் காலனி தியேட்டரில் ஒலியோடு கூடிய படத்தில் மிக்கி தோன்றி உலகப் புகழ் எய்தினான். ஒதுக்கிய மார்ட்டிமர் என்னும் பெயரும் வீண்போகவில்லை. 1936-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் மிக்கியின் போட்டியாளனுக்கு அது வழங்கிற்று. ஆஸ்வால்ட் டிஸ்னி நிறுவனத்திற்கு மீண்டது 2006-ஆம் ஆண்டில். ஆல் மைக்கேல்ஸ் என்னும் விளையாட்டு வருணனையாளரை மற்றொரு நிறுவனத்திற்கு விட்டுக்கொடுத்ததற்கு மாற்றாகவே அது கிடைத்தது. டிஸ்னி இறந்து அப்போது ஏறத்தாழ நாற்பதாண்டு ஆகியிருந்தது.

2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், அமெரிக்கச் சட்டப்படி, மிக்கி தோன்றிய அம்முதற் படத்தின் பதிப்புரிமை 95 ஆண்டு நிறைந்து நீங்கியது. அப்பழைய உருவத்தை இன்று அந்நாட்டில் எவரும் வரையலாம்; ஆயினும் வாணிகக் குறி என்னும் முறையில் பெயரின்மேல் நிறுவனத்திற்குள்ள உரிமை இன்னும் நீங்கவில்லை. உருவத்தினும் பெயர் நெடிது வாழ்தலை இதனால் அறிகின்றோம்.

கூறியவற்றால், இப்பெயர்களுட் பெரும்பாலன காரணம் பற்றியன என்பதும், அக்காரணம் மறைந்து நமக்கு இடுகுறி போலத் தோன்றுகின்றன என்பதும் பெறப்படும். பெயரிட்டவர்க்கே அப்பெயர் உரியதாதல் உறுதியன்று என்பதும் உடன் பெறப்படும். நம் மாணவருள் சித்திரம் வரைவாரும் கதை புனைவாரும் பலர் உளர். அவர் தம் படைப்பிற்கு நல்ல பெயர் தேடுதலோடு அமையாது, அதனைப் பிறர் கையில் ஒப்படைக்குமுன் கையெழுத்திடும் தாளையும் முழுவதும் படித்தல் வேண்டும். ஏனைய பெயர்களின் வரலாறு ஈண்டு விரிப்பிற் பெருகும்.