கடிகாரத்துக்குள் சுழலும் கூண்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் திரையின் மூலையில் தெரியும் நேரத்தைக் கவனித்திருப்பீர்கள். செஞ்சியில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அப்பா முதலில் பார்த்தது அதைத்தான். தாத்தா கொடுத்த, சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைத் தினமும் காலையில் அதனுடன் ஒப்பிட்டார். சில நாள் முந்தியது, சில நாள் பிந்தியது. "இதுக்கு வயசாயிடுச்சுப்பா, பெட்டியில வெச்சிடலாம்" என்றார்.

நான் சாப்ட்வேர் எழுதுபவன். பிழை எப்போது வருகிறது என்று பார்க்காமல் எதையும் ஒதுக்க மாட்டேன். ஒரு வாரம் குறித்து வைத்தோம். இரவில் சாவித் திருகு மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் பிந்தியது. கீழே இருக்கும்படி வைத்தால் முந்தியது.

காரணம் புவியீர்ப்பு. கடிகாரத்தில் நேரத்தை அளப்பது, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல். அதன் எடை எல்லாப் பக்கமும் துல்லியமாகச் சமமாக இருப்பதில்லை. எனவே கடிகாரம் நிற்கும் விதத்துக்கு ஏற்ப ஆட்டத்தின் வேகம் சிறிது மாறுகிறது.

இதற்கு ஒரு வழி கண்டவர் பாரிஸில் வாழ்ந்த ஆபிரகாம் லூயி பிரெகே. பேலன்ஸ் வீலை ஒரு சிறு கூண்டுக்குள் வைத்து, கூண்டையே சுழல விட்டார். 1801இல் காப்புரிமை பெற்றார். இதுவே டூர்பில்லான். பெரும்பாலும் கூண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். சோளக்கதிரைத் தணலில் திருப்பித் திருப்பிச் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். தணலின் சூடு குறைவதில்லை. எல்லாப் பக்கமும் சமமாகப் படுகிறது. அதுபோல இங்கும் பிழை மறைவதில்லை. முந்துவதும் பிந்துவதும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன.

ஓசூரில் தொழிற்சாலை உள்ள டைட்டன் நிறுவனமும் 2025இல் 'ஜல்சா' என்ற டூர்பில்லான் கடிகாரத்தை வெளியிட்டது. மொத்தம் 10 மட்டுமே.

உங்கள் கம்ப்யூட்டரில் கூண்டு இல்லை. அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. படிகத்துக்குப் புவியீர்ப்பைவிட வெப்பநிலை மாற்றமே பெரிய தொல்லை. அதனால் வரும் பிழையை இன்டர்நெட் வழியாகச் சரியான நேரம் கேட்டுத் திருத்திக் கொள்ளலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் 'டேட் அண்ட் டைம்' பகுதிக்குச் சென்று, 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' இயங்குகிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போனால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கலாம். மாற்றினால் போதும்.

அப்பாவின் கடிகாரம்? பகலில் முந்தினால் அன்றிரவு திருகு மேலே. பிந்தினால் திருகு கீழே. கூண்டு செய்யும் வேலையை இப்போது அப்பாவே செய்கிறார். கடிகாரம் பெட்டிக்குப் போகவில்லை.