கறிக்கோழித் தீவனத்தில் கொழுப்புச் செரிமானச் சேர்க்கைகள்

கொழுப்புச் செரிமானச் சேர்க்கைகள் என்பவை, பிராய்லர் எனப்படும் கறிக்கோழிகளின் தீவனத்தில் உள்ள எண்ணெயும் கொழுப்பும் குடலில் நன்கு செரிக்க உதவும் பொருட்கள் ஆகும். இவை தனி உணவல்ல. தீவனத்தில் ஏற்கெனவே உள்ள கொழுப்பு வீணாகாமல் பயன்படச் செய்வதே இவற்றின் பணி.

கொழுப்பின் தேவை

ஒரு கிராம் மாவுச்சத்து சுமார் 4 கிலோகலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரி தரும். கறிக்கோழி ஏறத்தாழ 35 முதல் 42 நாட்களில் இரண்டு கிலோ எடையை எட்டுவதால், மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு ஆகியவற்றுடன் எண்ணெயும் சேர்க்கப்படுகிறது. வெயில் காலத்தில் கோழி குறைவாகவே தின்னும். மற்ற சத்துகளைவிடக் கொழுப்பு செரிக்கும்போது உண்டாகும் உடல்வெப்பம் குறைவு. எனவே இராமநாதபுரம் போன்ற வெப்பமான மாவட்டங்களில் இது கூடுதலாகப் பயன்படும்.

செரிமானம் நடைபெறும் விதம்

எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாது, சோப்பு வேண்டும். குடலில் சோப்பின் வேலையைச் செய்வது கல்லீரலில் சுரக்கும் பித்தநீர். அது கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கிறது. பின்னர் கணையத்தின் லிப்பேஸ் நொதி அத்துளிகளைச் சிதைக்கிறது. குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரங்களில் பித்தநீரும் லிப்பேசும் போதிய அளவு சுரப்பதில்லை. மாட்டுக்கொழுப்பு, பாமாயில் போன்ற நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தவை, சோயா எண்ணெயைவிடக் கடினமாகவே செரிக்கும். செரிக்காத கொழுப்பு எச்சத்தில் வெளியேறுவதுடன், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களின் உறிஞ்சலும் குறையும்.

வகைகள்

- லெசித்தின்: சோயா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் பால்மமாக்கி.
- லைசோலெசித்தின்: நொதியால் மாற்றப்பட்ட லெசித்தின். நீரில் எளிதில் கலப்பதால், நீர் மிகுந்த குடலில் லெசித்தினைவிட நன்கு செயல்படும்.
- பித்த அமிலங்கள்: குஞ்சின் பித்தநீர்க் குறையை நேரடியாக ஈடுசெய்பவை.
- லிப்பேஸ்: தீவனத்தைக் குருணையாக்கும் வெப்பத்திலும் இரைப்பை அமிலத்திலும் திறன் இழக்கக்கூடியது.

நுண்ணுயிர்க்கொல்லிகளுடன் வேறுபாடு

குடல் பாக்டீரியாக்கள் சில பித்த உப்புகளைச் சிதைத்துக் கொழுப்புச் செரிமானத்தைக் குறைக்கின்றன. வளர்ச்சிக்காக முன்பு தரப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகள் பயனளித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் அவை மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் வளர்ச்சிக்கான நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தடை செய்தது. இந்தியா 2019-இல் கால்நடை, கோழி வளர்ப்பில் கொலிஸ்டின் பயன்பாட்டைத் தடை செய்தது. செரிமானச் சேர்க்கைகள் கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் அல்ல.

பண்ணையாளரும் பயனும்

பல்லடம் பகுதியில் பரவலாக உள்ள ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்தினுடையவை. கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையவை. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் செலவானது என்னும் தீவன மாற்றுத் திறனைப் பொறுத்தே வளர்ப்புக்கூலி அமைகிறது. ஆகவே, தாம் தேர்ந்தெடுக்காத தீவனத்தின் தரமும் பண்ணையாளரின் வருமானத்தைப் பாதிக்கிறது.

வரம்புகள்

எண்ணெய் குறைவாக உள்ள தீவனத்திலும், செரிமானம் முதிர்ந்த கோழிகளிலும் இவற்றின் பயன் குறைவு. காறல் எடுத்த எண்ணெயை இவை நல்லதாக்கா. தீவன மூட்டைகளை வெப்பமும் ஈரமும் படாமல் வைத்தல், குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் போதிய கதகதப்பு, தூய குடிநீர் ஆகியவை சரியாக இருந்தால்தான் சேர்க்கைக்குச் செலவிடும் பணம் எடையாகத் திரும்பும்.