வகுப்பும் பொருளும்: தொண்டைமானாற்று வான்கதவுகளை முன்வைத்து ஓர் அறிமுகம்

பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என நன்னூல் வகுத்துரைக்கும். பவணந்தியார் கணினியியலை முன்னறிந்தார் எனப் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. எனினும், குணத்தையும் தொழிலையும் பொருளோடு சேர்த்து எண்ணிப் பழகிய தமிழ் மாணவர்க்கு, செய்நிரலாக்கத்தில் 'வகுப்பு' எனப்படுவதை விளங்கிக்கொள்வது அரிதன்று.

முற்காலச் செய்நிரல்களிற் பெரும்பாலும் தரவுகள் ஓரிடத்திலும் அவற்றின்மீது தொழிற்படும் கட்டளைகள் வேறோரிடத்திலும் இருந்தன. நோர்வே நாட்டினரான டால், நிகார்ட் ஆகிய இருவரும் ஒஸ்லோவில் உருவாக்கிய 'சிமுலா 67' என்னும் மொழி, இவ்விரண்டையும் வகுப்பு என்னும் ஓரலகினுள் இணைத்தது. உலக நிகழ்வுகளைக் கணினியிற் போலச்செய்து ஆராய்வதற்கென எழுந்த மொழி அது. ஆதலின், நாமும் நம்மண்ணின் நிகழ்வொன்றையே எடுத்துக்கொள்வோம்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணை, கடலின் உவர்நீர் வடமராட்சி நீரேரியினுட் புகாது தடுப்பதற்காக அமைந்தது. மாரியில் நீரேரி பெருகும்போது அதன் வான்கதவுகள் திறக்கப்பட்டு, மிகைநீர் கடலுக்கு விடப்படுகின்றது. இதனைச் செய்நிரலில் அமைக்கையில் 'வான்கதவு' ஒரு வகுப்பாகும். திறப்பளவு அதன் பண்பு. திறத்தல், மூடுதல் அதன் தொழில்கள். வகுப்பு என்பது வரைவிலக்கணம் மட்டுமே. அதன்வழித் தோன்றும் ஒவ்வொரு கதவும் தனித்தனிப் பொருள். ஒவ்வொன்றும் தனக்குரிய திறப்பளவை உடையது.

இனி, கடல்மட்டம் நீரேரியின் மட்டத்தைவிட உயர்ந்திருக்கும்போது கதவு திறக்கலாகாது என்னும் விதியை எங்கே வைப்பது? தனிக்கதவு இரு மட்டங்களையும் அறியாது. கதவுகளைத் தன்னகத்தே கொண்ட 'தடுப்பணை' என்னும் வகுப்பே அவற்றை ஒப்பிடவல்லது. ஆகவே விதி அங்கேயே உறைதல் வேண்டும். செய்நிரலின் எப்பகுதியும் திறப்பளவை நேரே மாற்றலாம் என விட்டுவிட்டால், விதி இருந்தும் பயனில்லை. தடுப்பாரின்றி உவர்நீர் உட்புகும். பண்புகளை உள்ளே மறைத்து, தொழில்களின் வாயிலாக மட்டுமே அணுகவிடுதல் இதன்பொருட்டேயாகும்.

மற்றுமொரு வழுவையும் சுட்டுதல் தகும். அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணை உண்டு. அதற்கெனத் தடுப்பணையின் கிளைவகுப்பொன்றைப் படைக்கப் புதியோர் முனைவர். இடமும் கதவுகளின் தொகையும் வேறுபடுவது பண்பின் பெறுமான வேறுபாடே, வகை வேறுபாடன்று. தொழிற்படும் முறையே வேறாகும்போதுதான் கிளைவகுப்பு வேண்டப்படும்.

எனவே, வகுப்பை அமைத்தல் என்பது பொருளின் தோற்றத்தை வரைவதன்று. எதற்கு எது பொறுப்பு என்பதை வரையறுப்பதாகும். நீரேரி உவராதலும் நன்னீராதலும் கிணற்றை நம்பி வாழும் குடாநாட்டு உழவரின் வாழ்வைத் தொடுவன. அத்தகைய நீரைக் கணிக்கும் செய்நிரலில் பொறுப்பு இடம்மாறின், கணிப்பும் பிழைக்கும். அதனை நம்பி எடுக்கப்படும் முடிவும் பிழைக்கும்.