கவுன்டி சிறைக்குள் நுழையும் கடிதம்

2011-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள கேப் மே கவுன்டி சிறைக்கு, குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தின் தாள்கள் சில தபாலில் வந்தன. 'அப்பாவுக்கு' என்று கிறுக்கல் எழுத்து வேறு. அந்த வண்ணத்தில் இருந்தது சபாக்சோன். அபின் வகைப் போதையிலிருந்து மீளக் கொடுக்கப்படும் அந்த மருந்தைக் கூழாகக் கரைத்துப் படத்தில் பூசியிருந்தார்கள்.

சிறைத் தபால் அறைகளில் அத்தனை கெடுபிடி இருப்பது இதனால்தான். சபாக்சோன் மெல்லிய பட்டையாகவும் கிடைக்கிறது. ஒரு தபால்தலைக்கு அடியில் அடங்கிவிடும். ஆகவே பல சிறைகளில் தபால்தலையைக் கிழித்தெடுத்து, உறையையும் நீக்கிவிட்டு, தாளை மட்டுமே உள்ளே அனுப்புகிறார்கள். செயற்கைக் கஞ்சாவில் ஊறிய தாளைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கறை, வாசனைத் திரவியம், உதட்டுச்சாயம், ஒட்டுப்படம் என எது இருந்தாலும் கடிதம் நிறுத்தப்படலாம்.

வழக்கறிஞரின் கடிதத்துக்குத் தனி வழி. அதைக் கைதியின் கண்ணெதிரே பிரித்து, உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி, படிப்பதில்லை. 1974-இல் உல்ஃப் எதிர் மெக்டொனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

அஞ்சலட்டை மட்டும் போதும் என்று சில கவுன்டிகள் முடிவெடுத்தன. அரிசோனாவின் மாரிகோபா கவுன்டி 2007-லேயே அப்படிச் செய்தது. ஓரிகனின் கொலம்பியா கவுன்டியில் இருந்த அதே விதியை 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்றது.

இப்போதைய வழி ஸ்கேனர். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ கவுன்டி 2021-இல் தபாலை ஃபுளோரிடாவிலுள்ள தனியார் நிறுவனத்துக்குத் திருப்பியது. அங்கே கடிதத்தை ஸ்கேன் செய்வார்கள், கைதி அதைத் திரையில்தான் படிக்க முடியும், மூலத்தாள் அழிக்கப்படும். போதைத் தாளைத் தடுக்க இது உதவும் என்பது உண்மைதான். ஆனால் கவுன்டி சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள், இன்னும் தண்டிக்கப்படாதவர்கள். மகள் எழுதிய தாளைக் கையில் வைத்திருக்கும் உரிமையை அவர்களிடமிருந்து பறிப்பதற்கு இன்னும் வலுவான காரணம் வேண்டும்.

2023-இல் இந்த ஏற்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. கைதி விடுதலையான பிறகும் கடிதங்களின் நகல்கள் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கப்படுகின்றன, அவருக்கு எழுதியவர்களும் கண்காணிப்புக்குள் வருகிறார்கள் என்பது வழக்கு தொடுத்தவர்களின் முறையீடு.