கரையும் மண், காணாமல் போகும் முகவரி

ஆறும் கடலும் மழையும் நிலத்தை அரித்துக்கொண்டே இருக்கின்றன. நிலத்தோடு பட்டாவும் கோயிலும் ஊர்ப் பெயரும் போய்விடுகின்றன.

வெள்ளம் வடியும்போதுதான் பயம் தொடங்குகிறது. அஸ்ஸாமில் பிரம்மபுத்ராவின் கரையில் வசிப்பவர்களுக்கு இது பழைய பாடம். பெருகி ஓடும்போது நீரே கரைக்கு ஒரு முட்டுக்கொடுப்பாகவும் இருக்கும். நீர்மட்டம் இறங்கியதும் ஊறிப்போன கரைக்கு அந்த ஆதரவு இல்லாமல் போகிறது. அடியில் உள்ள மணலை நீரோட்டம் உருவிக்கொள்ள, மேலே உள்ள களிமண் அந்தரத்தில் தொங்கி, வயலும் மூங்கில் புதருமாகப் பாளம் பாளமாகச் சரிகிறது. விரிசல் வாசலை எட்டுவதற்குள் குடும்பங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே பிரிக்கத் தொடங்கிவிடுகின்றன. தகரம், கதவு, மூங்கில் தூண்கள் என்று எடுத்துப்போக முடிந்ததெல்லாம் படகில் ஏறுகிறது. நிலம் மட்டும் வராது.

'அரித்தல்' என்ற சொல்லுக்குத் தமிழில் பல வேலைகள். சமையலறையில் அரிசியை அரித்துக் கல்லைப் பிரிக்கிறோம். பரணில் கறையான் புத்தகத்தை அரிக்கிறது. மனதைக் கவலை அரிக்கிறது. எல்லாவற்றிலும் பொதுவானது ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. இந்தியாவின் மண்ணுக்கும் இதுதான் நேர்கிறது. 1983-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 530 கோடி டன் மண் இருந்த இடத்தை விட்டுப் பெயர்கிறது. அதில் 29 சதவீதம் கடலுக்குப் போகிறது. 10 சதவீதம் அணைகளில் தேங்குகிறது. மீதி, ஒருவர் வயலிலிருந்து இன்னொருவர் பள்ளத்துக்கு இடம் மாறுகிறது.

பாதியான தீவு

ஆற்றின் நடுவே அமையும் நிலத்தைத் தமிழில் ஆற்றிடைக்குறை என்பார்கள். அவற்றில் உலகின் மிகப் பெரியது என்று பெயர் பெற்றது அஸ்ஸாமின் மாஜுலி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பரப்பு 1,200 சதுர கி.மீ.க்கு மேல். இன்று அதில் பாதிகூட இல்லை. 2016-ல் மாஜுலி தனி மாவட்டமானது. மாவட்டம் பிறந்தது, நிலம் தேய்ந்துகொண்டிருக்கிறது.

ஆற்றின் குணம் மாறியதற்கு ஒரு தேதி சொல்கிறார்கள்: 1950 ஆகஸ்ட் 15. அன்று மாலை அஸ்ஸாமையும் திபெத் எல்லையையும் உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 8.6. மலைச்சரிவுகள் உடைந்து கோடிக்கணக்கான டன் கல்லும் மண்ணும் ஆற்றில் இறங்கின. படுகை மேடாயிற்று. ஆழத்தில் ஓட இடமில்லாத ஆறு அகலத்தில் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் திப்ரூகர் நகரின் ஒரு பெரும் பகுதியை அது கொண்டுபோனது. 1950-லிருந்து மாநிலம் இழந்த நிலம் 4.27 லட்சம் ஹெக்டேர் என்கிறது அஸ்ஸாம் நீர்வளத் துறை. மாநிலத்தின் பரப்பில் இது 5 சதவீதத்துக்கும் மேல்.

மாஜுலியின் இழப்பு ஹெக்டேரில் முடிவதில்லை. சங்கரதேவர் தொடங்கிய வைணவ இயக்கத்தின் மடங்களான சத்ரங்கள் இங்கேதான் வேர் பிடித்தன. நாடகம், முகமூடி, நடனம், ஓலைக்கு ஒப்பான அகில் பட்டையில் எழுதிய ஏடுகள் எல்லாம் அவற்றின் சொத்து. பல சத்ரங்கள் ஆற்றுக்குப் பயந்து இடம் மாறின. சில தீவை விட்டே வெளியேறி எதிர்க்கரையில் குடியேறின. ஏட்டையும் முகமூடியையும் படகில் ஏற்றலாம். சத்ரத்தைச் சுற்றி வாழ்ந்து, அதற்கு நெல்லும் ஆளும் தந்த கிராமங்கள் அதே இடத்துக்கு ஒன்றாகப் போய்ச் சேர்வதில்லை.

தடுப்பு வேலைகள் நடக்காமல் இல்லை. மணல் நிரப்பிய பைகள், கல் தடுப்புகள், பொறியாளர்கள் 'முள்ளம்பன்றி' என்று அழைக்கும் கான்கிரீட் சட்டங்கள் ஆற்றில் இறக்கப்படுகின்றன. முள்ளம்பன்றிகள் நீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் படிய வைக்கின்றன. சில இடங்களில் பலன் தெரிகிறது. ஆனால் ஓரிடத்தில் தடுக்கப்பட்ட நீரோட்டம் வேறொரு கரையைத் தேடிப் போவதும் உண்டு.

அணையின் இரு பக்கம்

மேற்கு வங்கத்தில் கங்கை இதே வேலையை வேறு காரணத்துக்காகச் செய்கிறது. கொல்கத்தா துறைமுகத்தில் மண் தேங்காமலிருக்க ஹூக்ளிக்குத் தண்ணீர் திருப்பும் பரக்கா தடுப்பணை 1975-ல் செயல்படத் தொடங்கியது. அணைக்கு மேலே வண்டல் படிந்து மேடு எழும்ப, ஆறு இடப்பக்கமாக ஒதுங்கி மால்டா மாவட்டத்தைத் தின்றது. வியாபாரத்தில் களைகட்டியிருந்த பஞ்சானந்தபூர் ஆற்றுக்குள் போனது. அணைக்குக் கீழே முர்ஷிதாபாத் மாவட்டம் அரிபடுகிறது.

ஒரு கரையில் எடுத்ததை ஆறு மறு கரையில் போடுகிறது. மால்டாவில் நிலமிழந்தவர்கள் எதிரே எழுந்த மணல்திட்டுகளில் குடியேறினார்கள். ஆனால் அந்தப் பக்கம் 2000-க்குப் பிறகு ஜார்க்கண்ட். எந்த மாநிலத்தின் ரேஷன் கடை, எந்த மாநிலத்தின் பள்ளி, எந்த வாக்காளர் பட்டியல் என்ற கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே பலருக்கு ஆண்டுகள் போயின.

பள்ளமும் கடலும்

எல்லா அரிப்பும் ஆற்றங்கரையில் நடப்பதில்லை. சம்பல் பகுதியில் மழையே போதும். இளகிய வண்டல் மண்ணில் முதலில் விரலளவு கோடு விழுகிறது. அது வாய்க்காலாகி, ஓடையாகி, கடைசியில் ஆள் மறையும் பள்ளமாகிறது. 'பீஹட்' எனப்படும் இந்தப் பள்ளங்கள் மொரேனா, பிண்ட், எட்டாவா கொள்ளைக்காரர்களுக்கு மறைவிடமாகிப் புகழ் பெற்றன. கொள்ளைக்காரர்கள் சரணடைந்தார்கள். பள்ளம் சரணடையவில்லை. புல்டோசரால் சமப்படுத்திய வயல்களிலும் அடுத்த மழையில் கோடு விழுகிறது.

கடற்கரையிலும் கணக்கு நெருடுகிறது. சென்னையில் உள்ள தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான மாற்றங்களை ஆராய்ந்ததில், இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரிந்தது. மேற்கு வங்கத்தில் 60 சதவீதம், தமிழ்நாட்டில் 42 சதவீதத்துக்கு மேல்.

ஒடிஷாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் சதபாயா என்றால் 'ஏழு சகோதரர்கள்'. ஏழு கிராமங்களாக இருந்தவற்றைக் கடல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. அங்குள்ள பஞ்சுபராகி கோயிலில் பூசை செய்வது பெண்கள் மட்டுமே. ஆண்கள் சிலையைத் தொடக் கூடாது. கடல் கோயிலை நெருங்கியபோது, 2018-ல் ஐந்து சிலைகளையும் பாகபட்டியாவில் அமைந்த புதுக் குடியிருப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கனத்த சிலைகளைப் பெண்களால் தூக்க இயலாது. பல நூற்றாண்டு வழக்கத்தை மீறி ஆண்கள் தூக்கினார்கள். கடல் அரித்தவற்றில் ஒரு விதியும் சேர்ந்துகொண்டது. புது இடத்தில் வீட்டுமனை கிடைத்தது, விளைநிலம் கிடைக்கவில்லை. பல வீடுகளின் ஆண்கள் கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

காகிதத்தில் அரிப்பு

ஆறு நிலத்தை எடுப்பதும் கொடுப்பதும் ஆட்சியாளர்களுக்குப் புதிதல்ல. வங்காளத்தின் நிலக் கணக்கில் ஆறு கொண்டுபோன நிலத்துக்கு 'சிகஸ்தி', ஆறு கொடுத்த நிலத்துக்கு 'பயஸ்தி' என்று பாரசீகப் பெயர்கள் உண்டு. 1825-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இதற்கென்றே ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. மெல்ல மெல்லச் சேரும் மண் அடுத்த நிலக்காரருக்கு. ஆறு திடீரென்று திசைமாறி, அடையாளம் தெரியும்படி நிலத்தைப் பிரித்துவிட்டால் அது பழைய உடைமையாளருக்கே. பெரிய ஆற்றின் நடுவே புதிதாக எழும் தீவு அரசாங்கத்துக்கு.

பிற்காலத்து நிவாரணக் கணக்கில் இந்தத் தெளிவு இருக்கவில்லை. வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் அறிவிக்கப்பட்ட பேரிடர்கள். ஆற்று அரிப்பு நீண்ட காலம் அந்தத் தேசியப் பட்டியலுக்கு வெளியே நின்றது. வெள்ளத்தில் சிக்கியவர் நீர் வடிந்ததும் வீடு திரும்பலாம். அரிப்பில் சிக்கியவருக்குத் திரும்ப இடமில்லை. 15-வது நிதிக் குழுதான் 2021-26 காலத்துக்கு அரிப்பைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும், இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் ஒதுக்கப் பரிந்துரைத்தது.

பணத்தைவிட அவசரமான தேவை சிலருக்கு உண்டு. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் இடம்பெறவில்லை. 1971-க்கு முன்பே தாங்களோ முன்னோரோ இங்கு வாழ்ந்ததைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊரே ஆற்றுக்குள் போய், மாவட்டம் மாவட்டமாக இடம் மாறியவர்களுக்கு அது எளிதாக இல்லை.

அதனால்தான் வீட்டைப் பிரிக்கும்போது பலரும் முதலில் எடுப்பது தகரத்தை அல்ல, காகிதங்களை. நீருக்கடியில் உள்ள நிலத்துக்கான பழைய வரி ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள். என்றாவது ஆறு அந்த மண்ணைத் திருப்பித் தந்தால் உரிமை கேட்க வேண்டும். தராவிட்டாலும், அங்கே ஓர் ஊர் இருந்தது என்று சொல்ல வேறு சாட்சி இல்லை.