புத்தளம் கரையோரத்தின் தூசியும் அதை அடக்கும் வழிகளும்

இலங்கையின் வடமேல் மாகாணத்தில், கற்பிட்டித் தீபகற்பத்தையும் களப்புக்கு அப்பாலுள்ள பெருநிலத்தையும் உள்ளடக்கிய புத்தளம் கரையோரம் மீனுக்கும் உப்புக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் பெயர்பெற்றது. அதே கரையோரத்தில்தான் சுண்ணக்கல் அகழ்வு, சீமெந்து உற்பத்தி, நிலக்கரி எரிப்பு ஆகிய மூன்று பெருந்தொழில்களும் அமைந்துள்ளன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்தில் குடியேறியதால் குடியிருப்புகளும் நெருக்கமடைந்தன. ஆகவே இத்தொழில்கள் கிளப்பும் தூசியை எங்கே, எவ்வாறு தடுப்பது என்பது இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் மூச்சோடும் தொடர்புடைய கேள்வியாகும்.

பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய சுண்ணக்கல், வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அருவக்காட்டில் வெடிவைத்து அகழப்பட்டு, புகையிரதம் மூலம் கொண்டுவரப்படுகிறது. தொழிற்சாலையில் கல் மாவாக அரைக்கப்பட்டு, களிமண் முதலியவற்றுடன் கலந்து, சற்றே சரிவாகச் சுழலும் நீண்ட உலைக்குள் செலுத்தப்படுகிறது. ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் சுண்ணக்கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு பிரிகிறது. 1,450 பாகையளவில் கலவை பகுதியளவில் உருகிக் கிளிங்கர் எனப்படும் கட்டிகளாகிறது. கல்லை உடைத்தல், அரைத்தல், பெருவெப்பத்தில் சுடுதல் என்ற ஒவ்வொரு படியிலும் தூசி கிளம்புகிறது.

நுரைச்சோலையில் 2011இல் முதல் அலகும் 2014க்குள் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல்மின் நிலையம் 900 மெகாவாற்றுக் கொள்ளளவுடையது. ஆழ்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சிறு தோணிக்கப்பல்களில் இறக்கப்படும் நிலக்கரி, கரையிலுள்ள திறந்த முற்றத்தில் குவிக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இறக்கும் பணி இயலாது. எனவே அம்மாதங்களுக்குத் தேவையான நிலக்கரி முன்கூட்டியே சேர்த்துவைக்கப்பட வேண்டியுள்ளது. மே முதல் செப்ரெம்பர் வரை கடலிலிருந்து தரையை நோக்கிப் பலமாக வீசுவதும் அதே காற்றுத்தான் என்பதால், இருப்பு அவசியப்படும் பருவமும் தூசி ஊருக்குள் பறக்கும் பருவமும் ஒன்றாகிவிடுகின்றன.

தூசியின் தீங்கு அதன் பருமனைப் பொறுத்தது. 10 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த நுண்துணிக்கைகளோ நுரையீரலின் ஆழம்வரை சென்று, ஆஸ்துமாவைக் கூட்டி, இதயத்தையும் பாதிக்கின்றன. இந்நுண்துணிக்கைகளுக்கு இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் 24 மணிநேரச் சராசரியாக ஒரு கன மீற்றர் வளியில் 50 மைக்ரோகிராம் வரை இடமளிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 15 மட்டுமே. பயிர்களும் தப்புவதில்லை. சீமெந்துத் தூசி இலைமேல் படிந்து, இரவுப் பனியில் நனைந்து, வெயிலில் இறுகி ஓர் ஓடுபோல ஒட்டிக்கொள்ளும்போது, இலைத்துளைகள் அடைபட்டு ஒளியும் மறைக்கப்படுகிறது.

புகைபோக்கித் தூசியைப் பிடிக்க இரு கருவிகள் பயன்படுகின்றன. நிலைமின் வீழ்படிவாக்கி என்பது துகள்களுக்கு மின்னேற்றி, அவற்றைத் தகடுகளில் ஒட்டவைக்கும் கருவி. பை வடிகட்டி என்பது புகையைத் துணிப்பைகளினூடாகச் செலுத்தித் தூசியை நிறுத்தும் அமைப்பு. சீமெந்து உலையில் எரிதல் சீர்குலைந்து காபனோரொட்சைட்டு மிகுந்தால், தீப்பொறியால் வெடிப்பு நேராதிருக்க வீழ்படிவாக்கியின் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். அந்நேரத்தில் தூசி பெருமளவில் வெளியேறும். ஆகவே சராசரி அளவீட்டை மட்டும் பார்த்து ஆலை நன்றாக இயங்குகிறது எனத் தீர்மானிப்பது போதாது. இத்தகைய நிறுத்தங்கள் எத்தனை முறை, எவ்வளவு நேரம் நிகழ்ந்தன என்ற பதிவும் வேண்டும்.

புகைபோக்கி வழியே அல்லாமல் குவியல்களிலிருந்தும் பாதைகளிலிருந்தும் கிளம்பும் தூசி தரைமட்டத்திலேயே பரவி அண்டை வீடுகளை முதலில் எட்டுகிறது. அதைத் தடுக்கும் முறைகள் எளியவை: துளையிடும்போது நீர் தெளித்தல், காற்று ஊரை நோக்கி வீசும் வேளையில் வெடிவைக்காதிருத்தல், வண்டிகளையும் கடத்துபட்டிகளையும் மூடுதல், நிலக்கரிக் குவியலை நனைத்து இறுக்கிக் காற்றுத்தடுப்பு வேலி அமைத்தல், நிலக்கரி எரிந்த சாம்பலை ஈரமாகவோ மூடிய கொள்கலங்களிலோ கொண்டுசெல்லுதல். பறக்கும் சாம்பலைச் சீமெந்தில் கலப்பது, தூசியாகக்கூடிய ஒரு கழிவைப் பயனுள்ள மூலப்பொருளாக்குகிறது.

இவற்றைக் கட்டாயப்படுத்தச் சட்டமும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திர முறைக்கு அடிப்படையாக உள்ளது. வடமேல் மாகாணமோ 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தின் கீழ்த் தனக்கெனச் சுற்றாடல் அதிகார சபையைப் பெற்றுள்ளது. அகழ்வுக்கான அனுமதியைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் வழங்குகிறது. எப்பாவலவில் பொஸ்பேற்று அகழும் திட்டத்துக்கு எதிரான வழக்கில் 2000இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், இயற்கை வளம் வருங்காலத் தலைமுறைக்கும் உரியது என்பதை வலியுறுத்தியது. மக்களின் முறைப்பாடு உரிய காலத்தில் கேட்கப்படாவிட்டால் நேரும் விளைவுக்கு, மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள தூத்துக்குடி சான்றாகும். அங்கு தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதத்தில் நடந்த துப்பாக்கிச்சூடு 13 உயிர்களைப் பறித்தது, அதன் பின்னரே ஆலையை மூடும் அரசாணை வந்தது.

புத்தளத்தில் அத்தகைய நிலை வரக்கூடாது. ஆலை வாயிலில் மட்டுமன்றி, காற்றுப் போகும் திசையிலுள்ள பாடசாலைகளிலும் வளி அளக்கப்பட வேண்டும்; அந்த அளவுகள் தமிழிலும் சிங்களத்திலும் நாள்தோறும் வெளியிடப்பட வேண்டும்; மருத்துவமனைச் சுவாசநோய்ப் பதிவுகளோடு அவை ஒப்பிடப்பட வேண்டும். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவ்வூர் மக்கள் அந்தப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க இடமிருக்க வேண்டும். நாட்டின் கட்டடங்களுக்கும் மின்விளக்குகளுக்கும் தம் மண்ணைக் கொடுத்த மக்களுக்குத் தூய காற்றைத் திருப்பிக் கொடுப்பது சலுகை அன்று, கடமையாகும்.