இரு குல்லா நீரும் தொட்டிக் கணக்கும்

நீரில் அசுத்தம் விழுந்தால் அது உளூவுக்கு உதவுமா என்னும் வினாவுக்கு ஷாஃபிஈ மத்ஹபு ஓர் அளவை முன்வைத்தே விடை கூறுகிறது. அவ்வளவு இரு குல்லா. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி இதற்கு அடிப்படை. நீர் அதற்குக் குறைந்தால் அசுத்தம் பட்ட மாத்திரத்தில் நஜீஸாகும். அவ்வளவை எட்டினால் நிறமோ சுவையோ மணமோ மாறினாலன்றி நஜீஸாகாது. எனவே தொட்டி நீரைக் கணித்தறிவது வெறும் கணக்கன்று. ஒரு ஜமாஅத்தின் தொழுகையே அதைச் சார்ந்திருக்கலாம்.

ஃபிக்ஹு நூல்கள் இரு குல்லாவைச் சுமார் 500 பக்தாத் ராத்தல் என எடையில் கூறுவதோடு கொள்ளளவையும் வகுத்துள்ளன. சதுரத் தொட்டியாயின் நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழம். வட்டத் தொட்டியாயின் விட்டம் ஒரு முழம், ஆழம் இரண்டரை முழம். இவ்விரண்டும் எவ்வாறு சமமாகும்? கால் முழத்தை ஓர் அலகாகக் கொள்வோம். சதுரத்தில் 5 × 5 × 5 = 125. வட்டத்தில் விட்டம் 4, சுற்றளவு 12 4/7. விட்டத்தின் பாதியைச் சுற்றளவின் பாதியால் பெருக்கினால் 12 4/7; அதனை ஆழமாகிய 10ஆல் பெருக்கினால் 125 5/7. வேறுபாடு ஓர் அலகுக்கும் குறைவே.

முழத்தை 48 செ.மீ. எனக் கொண்டால் இரு குல்லா 216 லிட்டராகும். முழ அளவில் கருத்து வேறுபாடு உண்டாதலின் இதனினும் குறைத்துக் கூறுவோரும் உளர். உள்விட்டம் 1 மீட்டர் உள்ள உருளைத் தொட்டியில் 28 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் இவ்வளவு நிறைந்துவிடும். தொட்டியின்மேல் பொறித்த கொள்ளளவை நோக்குதல் போதாது. அசுத்தம் விழுந்த வேளையில் உள்ளே நின்ற நீரின் அளவே ஹுக்மைத் தீர்மானிக்கிறது.